பழைய டிவியை மாற்றலாமா? படத்தின் தரத்தை வைத்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

முதலில் ஒரு கணக்கு. கேபிளிலும் டிடிஎச்சிலும் வரும் சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள் (பிக்சல்கள்), அதாவது மொத்தம் 4,14,720. ஃபுல் எச்டி டிவியின் திரையில் 1920-க்கு 1080, அது 20,73,600. 4கே டிவியில் 3840-க்கு 2160, அது 82,94,400. எஸ்டி படத்தைப்போல ஃபுல் எச்டி திரை சரியாக ஐந்து மடங்கு, 4கே திரை இருபது மடங்கு. எஸ்டி சேனலை 4கே டிவியில் போட்டால், திரையில் இருக்கும் ஒவ்வொரு இருபது புள்ளிக்கும் ஒன்றுதான் சேனலிலிருந்து வந்தது. மீதி பத்தொன்பதையும் டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. புது டிவி வாங்கிய வீடுகளில் “சீரியல் பழைய டிவியில்தான் நல்லா இருந்துச்சு” என்று சொல்வது பிரமை இல்லை. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகத்தின் குறைகளும் பெரிதாகத் தெரியும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போதுள்ள டிவிக்கு நல்ல படத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன்பிறகும் குறை இருந்தால் குறை டிவியில்தான்.

படி 1: டிவிக்கு என்ன வருகிறது என்று பாருங்கள்

டிவியின் பின்பக்கம் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி ஒயர் வருகிறதா, பட்டையான முனை கொண்ட எச்டிஎம்ஐ ஒயர் வருகிறதா? ஏவி ஒயரின் மஞ்சள் முனை வழியாக எஸ்டி படம் மட்டும்தான் போகும். எச்டி பாக்ஸ் வாங்கி, எச்டி சேனலுக்கு மாதாமாதம் பணமும் கட்டி, கேபிள்காரர் பொருத்திய ஏவி ஒயரிலேயே வருஷக்கணக்கில் பார்க்கும் வீடுகள் நிறைய. எச்டிஎம்ஐ ஒயரின் விலை சில நூறு ரூபாய்.

எச்டிஎம்ஐ ஏற்கெனவே இருந்தால் பாக்ஸின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் அல்லது ரெசல்யூஷன் என்ற இடத்தைத் திறங்கள். 576 என்று இருந்தால் 1080ஐ ஆக்குங்கள். ‘ஐ’ என்பது ஆங்கில எழுத்து. எச்டி சேனல்கள் அந்த வடிவத்தில்தான் ஒளிபரப்பாகின்றன. பிறகு டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 1080ஐ, 50 ஹெர்ட்ஸ் என்று மூலையில் காட்ட வேண்டும்.

சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றுக்கும் எஸ்டி ஒரு எண்ணிலும் எச்டி வேறு எண்ணிலும் வரும். பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்துகிறோமா என்று கவனியுங்கள். எச்டி எண்ணுக்குப் போனால் “சப்ஸ்க்ரைப் செய்யவில்லை” என்று வந்தால் பேக்கை மாற்ற வேண்டும். முகங்கள் எல்லாம் அகலமாக, உருண்டையாகத் தெரிந்தால் 4:3 என்ற பழைய வடிவப் படத்தை 16:9 அகலத் திரைக்கு இழுத்து வைத்திருக்கிறது என்று பொருள். பாக்ஸிலோ டிவியிலோ அதைச் சரிசெய்யலாம்.

ஓடிடி பார்ப்பவர்களுக்கு வேறு சோதனை. யூடியூபில் ஏதாவது ஒரு எச்டி வீடியோவை ஓடவிட்டு, அதன் அமைப்புகளில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் இப்போது எந்த அளவில் படம் வருகிறது என்று எண்ணாகவே காட்டும். அங்கே 480 என்று இருந்தால் டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை, இணைய வேகத்தைப் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் தரப்பில் ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது. இதை ரவுட்டர் பக்கத்தில் அளக்காதீர்கள், டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். ரவுட்டர் ஒரு அறையிலும் டிவி இரண்டு சுவர் தள்ளியும் இருக்கும் வீட்டில் ஒரு லேன் ஒயர் இழுத்தாலே படம் தெளிந்துவிடும்.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் மாட்டியிருந்தால் இன்னொரு விஷயம். ஓடிடி நிறுவனங்கள் எச்டி படத்தைத் தர வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்றைக் கேட்கின்றன. எல்3 மட்டுமே உள்ள பாக்ஸில், அதன் அட்டையில் 4கே என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், நெட்ஃபிளிக்ஸ் 480-ஐத் தாண்டாது. ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற ஆப்பைப் போட்டால் எல்1-ஆ எல்3-ஆ என்று தெரிந்துவிடும்.

படி 2: செட்டிங்ஸை ஒழுங்காக்குங்கள்

டிவி பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் விவிட், டைனமிக், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வைத்த அமைப்பு அது. தோலின் நிறம் நீலம் பாய்ந்து, வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் அழிந்து போகும். சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளடித்த மாதிரி தோன்றும். கண் பழகட்டும், அதன்பின் பழைய மோடுக்குப் போனால்தான் அது எவ்வளவு நீலம் என்று தெரியும்.

ஷார்ப்னஸைக் குறையுங்கள். இதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது பொதுவான தவறு. எழுத்துகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுவதுதான் அது செய்யும் வேலை. சாம்சங்கில் 0, எல்ஜியில் 10 பக்கம், சோனியின் அண்மைக்கால டிவிகளில் 50 என்பது நடுநிலை. கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் மாறும். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள். எழுத்தைச் சுற்றிய ஒளிவட்டம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

பேக்லைட்டும் பிரைட்னஸும் ஒன்றல்ல. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கைக் கூட்டிக் குறைப்பது பேக்லைட். பிரைட்னஸ் என்ற பெயரில் பழைய டிவிகளில் இருப்பது கறுப்பின் அளவு. படம் இருட்டாக இருக்கிறதென்று அதைக் கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகும். அதைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு பேக்லைட்டைக் கூட்டுங்கள். கூடவே மின் சேமிப்பு (எக்கோ மோடு), லைட் சென்சார் போன்றவற்றை அணைத்துப் பாருங்கள். “டிவி மங்கிப்போச்சு” என்ற புகார் பல வீடுகளில் அந்த எக்கோ மோடை அணைத்தாலே முடிந்துவிடும்.

மிச்சம் இரண்டு. படத்தின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பிக்சர் சைஸை ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ ஆக்குங்கள்; ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி பொருந்தி உடனே தெளிவு கூடும். கறுப்பு வெளிறியோ, இருட்டுக் காட்சியில் எதுவுமே தெரியாமலோ இருந்தால் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றிப் பாருங்கள். பாக்ஸ் ஒரு அளவிலும் டிவி வேறு அளவிலும் பேசிக்கொள்ளும்போது வரும் கோளாறு அது.

படி 3: டிவியின் உடல்நிலை

யூடியூபில் முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு சாம்பல் திரை காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள்.

வெள்ளைத் திரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் பளிச்சென்று வட்டப் புள்ளிகள் தெரிந்தால் பேனல் (படம் உருவாகும் திரைப்பகுதி) கெடவில்லை. எல்இடி டிவிக்குள் விளக்குப் பட்டைகள் இருக்கும், ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒளியைப் பரப்ப ஒரு சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வருஷக்கணக்கான சூட்டில் பசை விட்டு லென்ஸ் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த இடத்தில் ஒளி பரவாமல் நேராக அடிக்கிறது.

திரை முழுக்க நீலமோ ஊதாவோ பாய்ந்திருந்தால் விளக்குகளின் மேலிருக்கும் பாஸ்பர் பூச்சு மங்கிவிட்டது. பேக்லைட்டை 100-லேயே வைத்து ஓட்டிய டிவிகளில் இது சீக்கிரம் வரும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால், இருட்டில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, விளக்குதான் போயிற்று. டார்ச் வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் போர்டு, பேனல் இரண்டில் ஒன்று.

வட்டப் புள்ளி, நீலம் பாய்வது, விளக்கு போவது ஆகிய மூன்றுக்கும் வைத்தியம் எல்இடி ஸ்ட்ரிப் (விளக்குப் பட்டை) மாற்றுவது. மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் பேசுங்கள். பட்டை முழுவதையும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டவை, கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது போகும். 3 வோல்ட் விளக்கா 6 வோல்ட் விளக்கா என்று பார்த்து அதே வகையைப் போட வேண்டும். மூன்றாவது, திரையைப் பிரிக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள். 32 இன்ச்சில் ஆபத்து குறைவு. 50-க்கு மேல் கண்ணாடியை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், ஒரு மூலை சற்றே வளைந்தாலும் விரிசல்தான்.

மேலிருந்து கீழாக நிலையான கோடுகள், பாதித் திரை வேறு நிறத்தில் தெரிவது, உள்ளே மை சிந்தியது போன்ற கறை ஆகியவை பெரும்பாலும் பேனல் கோளாறு. பேனல் விலை புது டிவி விலையை நெருங்கும். செலவு செய்யாதீர்கள். ஓரத்தைத் தட்டினால் கோடு போய்விடுகிறது என்று நாள் தள்ளலாம், அவ்வளவுதான். மற்ற பழுதுகளுக்கு எங்கள் அளவுகோல், அதே அளவு புது டிவி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டாம் என்பது.

ஸ்மார்ட் வசதி மெதுவாகிவிட்டது, ஆப் அப்டேட் வருவதில்லை என்பது டிவியை மாற்றக் காரணமே இல்லை. எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்று காலியாக இருந்தால் ஓடிடி ஆப்கள் ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல், கூட வரும் அடாப்டரிலேயே போடுங்கள். பழைய டிவி யுஎஸ்பி பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எரிவதற்கு அதுவே காரணம்.

படி 4: டேப் எடுத்து அளங்கள்

திரைக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே எத்தனை அடி? குறையில்லாத பார்வைக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளிகளையே கண்ணால் பிரிக்க முடியாது. அதற்கு மேல் 4கே கொடுத்தும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த எல்லை:

32 இன்ச்: சுமார் 4 அடி
43 இன்ச்: சுமார் 5½ அடி
55 இன்ச்: சுமார் 7 அடி
65 இன்ச்: சுமார் 8½ அடி

நம் ஹால்களில் சோபா பெரும்பாலும் 8 முதல் 10 அடியில் இருக்கும். 43 இன்ச் ஃபுல் எச்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 43 இன்ச் 4கே வைத்தால், புள்ளிகளின் எண்ணிக்கையால் மட்டும் எந்த மாற்றமும் தெரியாது. வேறு காரணங்களால் தெரியலாம், அதை அடுத்து பார்ப்போம். அளவுக்கு எளிய கணக்கு: தூரத்தை இன்ச்சில் எடுத்து 1.6-ஆல் வகுத்தால் சினிமா பார்க்க ஏற்ற அளவு வரும். 8 அடி என்றால் 96 இன்ச், வகுத்தால் 60. ஆனால் உங்கள் வீட்டில் ஓடுவது எஸ்டி சேனல்தான் என்றால் அந்தக் கணக்கைப் பின்பற்றாதீர்கள். ஒரு அளவு குறைத்தே வாங்குங்கள்.

படி 5: புது டிவி உண்மையில் எதைத் தரும்?

பத்து வருஷத்தில் முன்னேறியது கறுப்பும் வெளிச்சமும். புள்ளிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

எல்இடி டிவிக்குள் இருப்பதும் எல்சிடி பேனல்தான். அதில் இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000-க்கு 1 அளவில்தான். இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் அது 3000-க்கு 1, அதற்கும் மேல். ஆனால் பக்கவாட்டில் போனால் படம் வெளிறும். கீழிருந்து பார்த்தாலும் வெளிறும். ஷோகேஸுக்கு மேல் ஆறடி உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுத் தரையில் பாய் போட்டுப் பார்க்கும் வீட்டில் விஏ பேனல் முழு அழகைக் காட்டாது.

மினி எல்இடி டிவியில் பின்விளக்குகள் சிறு சிறு பகுதிகளாகத் தனித்தனியே மங்கும், எரியும். பகல் வெளிச்சம் அதிகம் வரும் ஹாலுக்கு இதுதான் எங்கள் தேர்வு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே சேனல் ஓடும் வீட்டுக்கு வேண்டாம். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் லோகோவும் செய்திச் சேனலின் சிவப்புப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும். அதைத் துடைக்கவோ பழுது பார்க்கவோ முடியாது. க்யூஎல்இடி என்ற பெயர் ஓஎல்இடி போல ஒலித்தாலும் அது எல்சிடிதான், நிறத்துக்காக ஒரு குவாண்டம் டாட் படலம் சேர்த்தது.

எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வீச்சில் வரும் படம்) பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அட்டையில் ‘எச்டிஆர் 10’ என்று இருந்தால் அந்தச் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்று பொருள், அதைக் காட்டும் வெளிச்சம் இருக்கிறது என்று பொருளில்லை. மலிவு 4கே டிவிகள் 250, 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவோடு நின்றுவிடும். எச்டிஆர் படம் அவற்றில் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத் தெரிவதும் உண்டு. எல்சிடி என்றால் 600 நிட்ஸுக்கு மேல், பகுதி பகுதியாக மங்கும் வசதியோடு இருந்தால்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பு.

உங்களிடம் இருப்பது பிளாஸ்மா டிவி என்றால் அவசரப்படாதீர்கள். பெரிய கம்பெனிகள் 2014-ம் ஆண்டோடு அதைக் கைவிட்டன. ஆனால் நன்றாக ஓடும் பிளாஸ்மாவின் கறுப்பை இன்றைய மலிவு எல்இடி எட்டாது. கரண்ட் அதிகம் இழுக்கும், அசையாத லோகோ அதிலும் தழும்பாகப் பதியலாம்.

படி 6: முடிவு

பார்ப்பதில் பெரும்பகுதி எஸ்டி சேனல், டிவி நன்றாக ஓடுகிறது என்றால் மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எச்டி பாக்ஸ், எச்டி பேக், எச்டிஎம்ஐ ஒயருக்குச் செலவிடுங்கள். இருப்பது எச்டி ரெடி, அதாவது 1366-க்கு 768, அளவு 32 இன்ச், உட்காரும் தூரம் 8 அடி என்றால் மாற்றுங்கள். கிடைக்கும் பலன் பெரும்பாலும் அளவால் வரும். ஓடிடியில் 4கே திட்டம் ஏற்கெனவே இருந்து, இரவில் படம் பார்ப்பவர் என்றால் தயங்கவே வேண்டாம், ஆனால் நடுத்தர விலைக்குக் கீழே இறங்காதீர்கள். கையில் பணம் அளவாக இருந்தால், பெரிய மலிவு டிவிக்குப் பதில் ஒரு அளவு சிறிய நல்ல டிவி. இதில் வீட்டுக்குள் சண்டை வரும், ஏனென்றால் கடையில் பெரியதுதான் கண்ணில் படும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்து யாராவது தள்ளுபடிக் கணக்கு காட்டினால் அந்தத் தேதியை நினைவில் வையுங்கள்.

படி 7: கடையில்

பென் டிரைவில் மூன்று வீடியோ கொண்டு போங்கள்: இரவுக் காட்சி ஒன்று, பச்சைப் புல்வெளியில் பந்து ஓடும் கிரிக்கெட் காட்சி ஒன்று, எஸ்டி தரத்தில் ஒரு பழைய பாட்டு. கடையில் ஓடும் டெமோ வீடியோவில் எல்லா டிவியும் அழகுதான். படத்தை சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவுக் காட்சியில் தலைமுடிக்கும் பின்னணி இருட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். கிரிக்கெட்டில் பந்துக்கு வால் முளைக்கிறதா, கேமரா நகரும்போது புல்வெளியில் அழுக்குப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எஸ்டி பாட்டில் முகம் மெழுகுபோல் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் உட்காரும் கோணத்துக்கு நகருங்கள், தரையில்தான் உட்காருவோம் என்றால் கடையிலும் குனிந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள். பண்டிகைத் தள்ளுபடிக்கு வரும் டிவியும் கடையில் பார்த்த டிவியும் ஒரே பெயரில் இருந்து ஓர் எழுத்தில் மாறுவது உண்டு. அந்த ஓர் எழுத்தில் பேனலும் மாறியிருக்கலாம். ஒரே மாடலில் 43 இன்ச்சுக்கு ஒரு பேனல் வகை, 55 இன்ச்சுக்கு வேறு வகை என்பதும் சகஜம்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அட்டையைப் பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள். திரை உடைப்பு வாரண்டியில் வராது. வந்தபோதே உடைந்திருந்தது என்று காட்ட அந்த வீடியோதான் சாட்சி. பொருத்த வந்தவர் கிளம்புமுன் வெள்ளை, கறுப்பு, சாம்பல் சோதனையை அவர் முன்னாலேயே செய்யுங்கள். உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். நாற்காலியில் உட்காருபவருக்கு அது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி.

4கே ஸ்டிக்கையோ பாக்ஸையோ மாட்டினால் டிவியில் அந்த எச்டிஎம்ஐ ஓட்டைக்கான முழு வேக அமைப்பை இயக்குங்கள். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இது அணைந்திருந்தால் எச்டிஆர் பெரும்பாலும் சரியாக வராது. பழைய ஃபுல் எச்டி ஸ்டிக்கை அப்படியே செருகினால் புது டிவியிலும் 1080தான். நடுவில் பழைய ஹோம் தியேட்டர் வழியாக ஒயர் போனாலும், அதற்கு எச்டிசிபி 2.2 (நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு முறை) இல்லாவிட்டால் 4கே தடைபடும்; ஸ்டிக்கை நேராக டிவியில் மாட்டி, சத்தத்தை மட்டும் டிவியில் ‘ஆர்க்’ என்று குறித்திருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டை வழியாக எடுங்கள். சீரியல் மாதிரி வழுவழுவென்று சினிமா ஓடினால் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

பழைய டிவிக்கு எக்ஸ்சேஞ்சில் தரும் தொகை பெரும்பாலும் மிகக் குறைவு, அதுவும் “எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை?” என்று கேட்டால் பாதி மாயமாகிவிடும். ஓடுகிற டிவி என்றால் அம்மா அப்பா அறைக்கோ சமையலறைப் பக்கமோ நகர்த்துங்கள். ஓடாத டிவியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். பழைய குண்டு டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்திலோ, அந்த டிவி கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.